காந்தா சேர்த்த பாயிண்ட்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகிற பெரிய ரோட்டில் காந்தாவின் மீன் கடை. அவள் எடையில் ஏமாற்ற மாட்டாள் என்பது வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். விலையில் ஒரு ரூபாய்கூட இறங்க மாட்டாள் என்பதும் தெரியும். பல வருஷமாக அவள் ஒரு ஆளைப் பார்க்க ஏங்கிக்கொண்டிருந்தது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் விட்டால்தானே? வஞ்சிரத்தைத் துண்டு போடுகிற வேகத்தில் பேச்சையும் துண்டு போட்டு ஆளை அனுப்பிவிடுகிற பெண்பிள்ளை அவள்.

கூடை வைத்து உட்காருகிற கடை என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே குளிர் அறை உண்டு, பெரிய பெரிய ஃப்ரீசர்கள் உண்டு. வாசலில் மீன் பெட்டி ஏற்ற ஒரு வண்டி நிற்கும். குரோம்பேட்டை ஓட்டல்கள், அஸ்தினாபுரம் மெஸ்கள், மறைமலை நகர் கம்பெனி கேண்டீன்கள் என்று அவள் மீன் போகாத சமையல்கட்டு அந்தப் பக்கத்தில் குறைவு. புருஷன் பாலகுரு வண்டி ஓட்டுவான். ஒரே மகள் நிஷா கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, காலிப் பெட்டி எப்போது திரும்பும் என்பதெல்லாம் காந்தாவின் தலைக்குள்ளேயே இருக்கும். நின்ற இடத்திலிருந்தே போனில் எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்படிப்பட்டவளிடம்தான் பேங்க்கிலிருந்து ஜெஃப்ரி வந்து கிரெடிட் கார்டு பேச்சை எடுத்தான். கடையின் கணக்கு அந்தப் பேங்க்கில்தான் இருந்தது. ஜெஃப்ரி நல்ல பையன், தாம்பரத்துக்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக மீனுக்கு வந்து நிற்பவன். ஆனாலும் கடன் என்ற சொல்லைக் கேட்டதுமே காந்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கடன்ற பேச்சே வாணாம். போய் வேற வேலயப் பாரு."

"அக்கா, இது பிசினஸ் கார்டுக்கா. நீங்க எப்படியும் ஐஸ் கம்பெனிக்கும் பெட்டிக்கும் குடுக்கத்தானே போறீங்க? அதை இதுல குடுங்க. தேதி தவறாம கட்டிடுங்க, வட்டியே வராது. செலவு பண்ண பண்ண பாயிண்ட் ஏறும். அந்தப் பாயிண்ட்ட வெச்சு ஃப்ளைட்ல போலாம், சும்மா."

"சும்மா எவன் ஃப்ளைட்ல இட்டுகினு போவான்? எனுக்கே காது குத்துறியா?"

"சத்தியமாக்கா. எங்க போகணும் சொல்லுங்க. துபாயா, சிங்கப்பூரா?"

"போர்ட் பிளேரு போவுமா?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது காந்தாவுக்கே உறைத்தது. வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த பாலகுரு திரும்பிப் பார்த்தான். அவள் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே கழுவிய மீனை எடுத்து இன்னொரு தடவை கழுவ ஆரம்பித்தாள்.

போர்ட் பிளேரில் இருந்தது கங்கம்மா, காந்தாவின் அக்கா. கானத்தூர்ப் பக்கத்துக் குப்பத்தில், காந்தாவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கங்கம்மாவுக்கே அப்போது தாவணி போடுகிற வயதுதான். கரையில் மீன் ஏலம் நடக்கும்போது, சின்னவள் அலைக்குப் பக்கத்தில் போய்விடக் கூடாதென்று தன் தாவணி முந்தானையை அவள் இடுப்பில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வாள். ஏலம் எவ்வளவு நேரம் இழுத்தாலும் அந்த முடிச்சு அவிழாது. கோபம் வந்தால் கங்கம்மா கத்த மாட்டாள். வாயை மூடிக்கொண்டு வீட்டு வேலையை இரண்டு பங்காகச் செய்வாள், பாத்திரம் மட்டும் பேசும். தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, சில வருஷம் கழித்து, புருஷனுக்கு அங்கே படகு வேலை கிடைத்ததென்று அந்தமானுக்குக் கப்பலேறிப் போனாள்.

சண்டை வந்தது நிஷாவின் மஞ்சள் நீராட்டு விழாவில். அந்த வீட்டு வழக்கப்படி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து நேரில் போய் அழைக்க வேண்டிய முதல் ஆள் கங்கம்மா. காந்தாவோ அப்போதுதான் கடையைப் பெரிதாக்கி, அதற்குள் முழுகிக் கிடந்தாள். கப்பலில் போய்ச் சேர மூன்று நாள், வர மூன்று நாள், ஒரு வெற்றிலைக்காகவா என்று நினைத்தாள். பத்திரிகையையும் ஒரு பட்டுப் புடவையையும் நன்றாகக் கட்டி கூரியரில் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று போன் போட்டுக் கேட்டாள். "வந்துச்சி" என்றாள் கங்கம்மா. அவ்வளவுதான். விழாவுக்கு அவள் வரவில்லை, புடவை மட்டும் கூரியரில் திரும்பி வந்தது. சபையில் பெரியம்மா இடம் காலியாக இருந்ததில் காந்தாவுக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. "எனுக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாள். சொன்னது கடல் தாண்டிப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? அன்றோடு பேச்சு நின்றது.

சகலைகள் இரண்டு பேருக்கும் இதில் எந்தப் பகையும் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் பேசிக்கொள்வார்கள். பாலகுரு வேண்டுமென்றே சத்தமாகப் பேசுவான். "அப்டியா சகல, முட்டி வலியா? டாக்டராண்ட காட்னீங்களா?" என்பான். காந்தா முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருப்பாள். முட்டி யாருக்கு வலிக்கிறது, அக்காவுக்கா அவள் புருஷனுக்கா என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்கத் தவிப்பாள். கேட்கவும் மாட்டாள்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போக அவளால் முடியாதா என்று கேட்டால், தாராளமாக முடியும். ஆனால் கல்லாவில் விழுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் காந்தாவின் மனசில் ஒரு வேலை எழுதியிருந்தது. தன் ஏக்கத்துக்கென்று அதிலிருந்து ஒரு நோட்டை உருவ அவளுக்குக் கை வராது. அதிலும் பேசாத அக்காவைப் பார்க்கக் காசைக் கரைப்பதென்றால் ரோஷம் குறுக்கே படுத்துக்கொள்ளும். பாயிண்ட் அப்படியில்லை. அதற்கு யாரும் பங்கு கேட்க முடியாது, அது எந்த வேலைக்கும் எழுதிவைக்காத சொத்து. ஆகவே அதை வைத்து ஆசைப்படலாம் என்று அவளே தனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டாள். கார்டு வந்தது.

வந்த பிறகுதான் தெரிந்தது, அதில் பாயிண்ட் சேர்ப்பது ஒன்றும் லேசுப்பட்ட காரியமில்லை என்று. காசிமேட்டில் விசைப்படகு மீனை ஏலத்தில் எடுத்தால் கையில் நோட்டாகக் கொடுக்க வேண்டும். "கடலு கார்டு வாங்காதுடி" என்று மகளிடம் அலுத்துக்கொண்டாள். வண்டிக்கு டீசல் போட்டால் அதற்குப் பாயிண்ட் கிடையாதென்று கார்டிலேயே சட்டம். அதனால் கார்டு மெஷின் வைத்திருக்கிற இறால் பண்ணைக்காரனாகப் பார்த்துப் பிடித்தாள். ஐஸ் கம்பெனிக்காரனை நச்சரித்து மெஷின் வாங்க வைத்தாள். தெர்மோகோல் பெட்டியை ஆறு மாசத்துக்குச் சேர்த்து வாங்கிப் போட்டதில், வீட்டில் நடக்க வழியில்லாமல் பாலகுரு பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் போனான். ஒவ்வொரு முறை கார்டைத் தேய்க்கும்போதும் போர்ட் பிளேர் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி அவளுக்கு இருக்கும். பச்சைப் பிள்ளைத்தனம்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் கார்டை எடுத்தாள்.

பேங்க்கில் இன்னொரு ஆசையும் காட்டியிருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் இவ்வளவு செலவு செய்தால் மொத்தமாக ஒரு பெரிய போனஸ் பாயிண்ட். வருஷக் கணக்கு முடிகிற மாசம் எதுவென்று பார்த்தால், புரட்டாசி. பாதிப் பள்ளிக்கரணை மீனைத் தொடாத மாசம். காந்தா ஜெஃப்ரியைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"சித்திர வைகாசில கடலுக்கே போகக் கூடாதுன்னு தட. ஆடில கூழு. பொரட்டாசில எல்லாரும் கோயிந்தா. நான் எப்பதான் செலவு பண்றது? இதெல்லாம் ஒங்க பேங்க்குக்குத் தெரியாதா?"

"கம்ப்யூட்டருக்குப் புரட்டாசி தெரியாதுக்கா" என்றான் அவன் பாவமாக.

எப்படியும் வாங்க வேண்டிய ஃப்ரீசரை முன்கூட்டியே வாங்கி, கடை இன்சூரன்ஸைக் கட்டி, தலைகீழாக நின்று அந்தக் கோட்டைத் தொட்டாள். சில மாசம் கழித்து ஒரு மத்தியானம் நிஷா போனை நீட்டினாள்.

"அம்மா, போய்ட்டு வர்ற அளவுக்குப் பாயிண்ட் இருக்கு. ஏர்லைன்ஸுக்கு மாத்திட்டேன். எப்ப போற?"

இத்தனை நாள் சேர்ப்பதே வேலையாக இருந்ததில், போவது என்று ஒன்று இருப்பதைக் காந்தா மறந்தே போயிருந்தாள். கூப்பிடாத வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது? அக்கா கதவைச் சாத்திவிட்டால்? நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். வாரக்கணக்கில் இழுத்துவிட்டு, கடைசியில் தனக்கு நன்றாகத் தெரிந்த வழியில் இறங்கினாள்.

"பெரியம்மா பேர்ல போடு. அவ வரட்டும். கடைய விட்டுட்டு நான் எங்க போறது? அழச்ச மாரியும் ஆச்சி, டிக்கெட்டு எடுத்துக் குடுத்த மாரியும் ஆச்சி."

நிஷா போட்டாள். போர்ட் பிளேரிலிருந்து சென்னை, பத்து நாள் கழித்து சென்னையிலிருந்து போர்ட் பிளேர். கங்கம்மாவின் பேர் திரையில் தெரிந்தபோது காந்தா மீன் வாசனை அடிக்கிற விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். டிக்கெட் பாலகுருவின் போனிலிருந்து சகலையின் போனுக்குப் போனது. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள் இரண்டு மீன் கூடப் போட்டுக் கொடுத்தாள். சனங்கள் பயந்துபோய் மீன் கெட்டுப்போனதா என்று முகர்ந்து பார்த்தார்கள்.

சாயங்காலம் சகலையிடமிருந்து போன். பாலகுரு ஸ்பீக்கரில் போட்டான். காந்தா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"பேரப் பாத்தா சகல, அப்டியே உக்காந்துட்டா. நல்லாத்தான் இருந்தா. அப்பறம் ரெண்டாவது பக்கம் இன்னான்னு கேட்டா. திரும்பி வர்ற டிக்கெட்டுன்னு சொன்னேன்..."

பின்னாலிருந்து ஒரு குரல் குறுக்கே பாய்ந்தது.

"போயி கால வெக்கல, அதுக்குள்ள என்னிக்கி கெளம்பணும்னு தேதி போட்டு அனுப்பிக்கிறா. நான் இன்னா மீன் பொட்டியா? இந்தத் தேதிக்கு வந்து எறங்கணும், இந்தத் தேதிக்குக் காலிப் பொட்டி திரும்பணும்னு? அவ டிக்கெட்ட அவளே வெச்சிக்கச் சொல்லு."

போன் நின்றது. காந்தாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அக்காவின் குரல் அப்படியே இருந்தது, கொஞ்சம் கரகரப்பு கூடியிருந்தது, அவ்வளவுதான். குரலைக் கேட்டுத் தீர்ந்த பிறகுதான் அதிலிருந்த சொற்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின.

"எல்லாரும் அப்படித்தாம்மா போடுவாங்க. சேர்த்துப் போட்டாதான் நல்லது" என்றாள் நிஷா.

"அதானே? திரும்பிப் போவாம இங்கயே குந்திக்கப் போறாளா?" என்று காந்தாவும் குரலை உயர்த்தினாள்.

பாலகுரு சண்டைக்கு வருகிறவன் இல்லை. மெதுவாகத்தான் கேட்டான். "இந்த வூட்டுக்கு வந்த ஆள, எப்ப கெளம்பறன்னு என்னிக்காச்சும் நீ கேட்டுக்கிறியா?"

கேட்டதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு செருப்பு மாட்டினவர்களைக்கூட, இன்னா அவசரம், இன்னிக்கு இருந்துட்டுப் போ என்றுதான் அவளுக்குச் சொல்ல வரும். யாராவது அவளிடம் அப்படித் தேதி கேட்டிருந்தால் அந்த வாசலை மறுபடி மிதித்திருக்க மாட்டாள். காந்தா கடைக்குப் போய்விட்டாள்.

வீம்பு கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. மறைமலை நகருக்குப் போகிற பெட்டிகளில் தேதி எழுதும்போதெல்லாம் அக்காவின் சொல் வந்து குத்தும். அன்றைக்கு நிஷாவின் விழாவுக்குப் பத்திரிகையை அனுப்பினேன், புடவையை அனுப்பினேன், இப்போது டிக்கெட்டை அனுப்பினேன். எல்லாவற்றையும் அனுப்பினேன், நான் மட்டும் போகவில்லை. இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை வருஷம் தன் புத்திக்கு எட்டவில்லையே என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒருநாள் ஐஸ் வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அக்காவைப் பார்க்க வேண்டும். வேறு எந்தக் கணக்கும் அதற்குள் இல்லை, பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

புரட்டாசி பிறந்தது. கேண்டீன்களில் மீன் சமைப்பதை நிறுத்தினார்கள், ஃப்ரீசர்கள் பாதி காலியாகக் கிடந்தன. பாலகுருவே கடையைப் பார்த்துக்கொள்ளலாம். கேன்சல் செய்த டிக்கெட்டின் பாயிண்ட் கொஞ்சம் பிடித்தம் போகத் திரும்பி வந்திருந்தது. காந்தா மகளைக் கூப்பிட்டாள்.

"எனுக்குப் போடு. போறதுக்கு மட்டும்."

"திரும்பி வர்றதுக்கும் பாயிண்ட் இருக்கும்மா. அப்பறம் சீட்டு கிடைக்காம போச்சுன்னா?"

"அத ஒங்க பெரியம்மா சொல்லட்டும். அவ எப்ப போன்னு சொல்றாளோ அன்னிக்குப் பாத்துக்கலாம்."

புறப்படுகிற அன்று வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், பித்தளைத் தட்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டாள். தேங்காயை விமானத்துக்குள் விட மாட்டார்கள் என்று நிஷா பிடுங்கி வைத்துவிட்டாள். ஒரு தேங்காயில் வெடி வைப்பேனா என்று மீனம்பாக்கம் போகிற வழியெல்லாம் காந்தா முணுமுணுத்தாள். உள்ளே விடுகிற இடத்தில் பாலகுரு, "பயமாக்கீதா?" என்றான். "ஃப்ளைட்டுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜன்னல் சீட். விமானம் ஏறிய கொஞ்ச நேரத்தில் கீழே கடல் வந்துவிட்டது. அந்தக் கடலின் ஓரத்தில் பிறந்து, அதன் மீனை விற்றுப் பிழைத்தவள், அதை மேலேயிருந்து இப்போதுதான் பார்க்கிறாள். சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை, அவளுக்கு அது அறிமுகமில்லாத கடலாக இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வதென்று மனசுக்குள் ஒப்பித்துப் பார்த்தாள். தப்புதான்க்கா என்று ஆரம்பித்தால் அழுகை வந்தது. நல்லா கீறியா என்று ஆரம்பித்தால் பொய்யாக இருந்தது. இவ்வளவு கிட்டேயா இருந்தாள், இதற்கா இத்தனை வருஷம் என்று நினைத்து முடிப்பதற்குள் இறங்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பறந்தால் என்ன என்றிருந்தது.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சகலை ஆட்டோவோடு நின்றார். அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன் என்றார். என்ன சொன்னாள் என்றதற்கு, ஆட்டோவில் ஏறச் சொன்னார்.

ஓட்டு வீடு. வாசலில் கங்கம்மா நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்து, ஒரு கையை முட்டியில் ஊன்றி நின்றாள். வலி அக்காவுக்குத்தான் என்று காந்தாவுக்கு அப்போது தெரிந்தது. மழையில் நனைந்துகொண்டே பையைப் பிரித்து, தட்டை எடுத்து, வெற்றிலையை அடுக்கிக் கையில் ஏந்தி நின்றாள்.

கங்கம்மா வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்தாள், தங்கையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். படியிறங்கி வந்து, காந்தாவின் தோளில் தொங்கிய புடவைப் பையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். காந்தா தட்டும் கையுமாக வாசலிலேயே நின்றாள். பின்கட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் வாளி நகர்கிற சத்தம்.

"உள்ள போம்மா" என்றார் சகலை.

தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அவள் கொண்டுவந்த புடவைகள் அத்தனையும், மடிப்புக் கலையாத புதுப் புடவை உட்பட, சோப்புத் தண்ணீரில் முழுகிக் கிடந்தன. கங்கம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவற்றை அழுத்தி அழுத்தி நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அல்லாமே தொவச்ச பொடவக்கா" என்றாள் காந்தா.

கங்கம்மா திரும்பவில்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோப்புத் தூளை அள்ளிப் போட்டாள்.

"இங்க ஒரே மழ. காயறதுக்கு நாளாவும்" என்றாள்.